மறுதலித்தவர்களுக்கு இரட்சிப்பு உண்டா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு வரிக் கேள்வி. ஆதித் திருச்சபையின் விசுவாசிகள் எல்லோரும் சிங்கத்தின் வாய்க்குப் பாடிக்கொண்டே போனார்கள் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். அது உண்மையா, உயிருக்குப் பயந்து கிறிஸ்துவை மறுதலித்தவர்கள் யாராவது இருந்தார்களா, இருந்தால் அவர்களுக்கு இரட்சிப்பு உண்டா என்கிறீர்கள். கடைசியில் அடைப்புக்குறிக்குள் "நானாக இருந்தால் முதல் நாளே கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்று ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறீர்கள். என் கணிப்பில் அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் நிஜக் கேள்வி. இறையியல் கல்லூரி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டு திருச்சபை வரலாறு நடத்தியவன் நான். எல்லோரும் நின்றார்களா என்பதற்கு ஆவணங்களைக் காட்டி உறுதியாகவே பதில் சொல்ல முடியும். இரட்சிப்பு உண்டா என்பதில், விழுந்தவர்களைச் சபை என்ன செய்தது என்பது வரைக்கும் என்னால் வர முடியும். கடவுள் என்ன செய்தார் என்பது என் பாடத்திட்டத்தில் இருந்ததில்லை.

எல்லோரும் நிற்கவில்லை. இதில் சந்தேகமே கிடையாது. கி.பி. 112 வாக்கில், கருங்கடலோரப் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம்முன் கொண்டுவரப்பட்டவர்களில் சிலர், "ஒரு காலத்தில் கிறிஸ்தவர்களாக இருந்தோம், விட்டுவிட்டோம்" என்றார்களாம். விட்டு மூன்று ஆண்டு ஆயிற்று என்றவர்கள் உண்டு, இருபது ஆண்டு போல ஆயிற்று என்றவர்களும் உண்டு. எல்லோரும் பேரரசரின் சிலைக்கு முன் வணங்கிக் கிறிஸ்துவைச் சபித்தார்கள். 177-இல், இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரில் நடந்த கொடுமையைப் பற்றி அந்த ஊர்ச் சபையே எழுதிய கடிதம் இருக்கிறது. அதில் ஏறத்தாழப் பத்துப் பேர் பின்வாங்கியதை ஒளிக்காமல் சொல்கிறார்கள். அதற்கு அவர்கள் எடுத்த சொல் கருச்சிதைவு. சபை என்னும் தாயின் வயிற்றிலிருந்து உயிரில்லாமல் விழுந்த பிள்ளைகளாம். மறுதலித்ததால் அவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை என்பது இன்னும் கொடுமை. கிறிஸ்தவர்கள் என்ற குற்றம் போய், நரபலிக் கொலைகாரர்கள் என்ற குற்றத்தில் அதே சிறையில் கிடந்தார்கள். அவர்களில் பிப்லிஸ் என்ற பெண்ணிடமிருந்து, கிறிஸ்தவர்கள் பிள்ளைகளைத் தின்கிறார்கள் என்று மற்றவர்களுக்கு எதிராக வாக்குமூலம் வாங்கலாம் என்று மறுபடி வதைத்தார்கள். தூக்கத்திலிருந்து விழித்தவள்போல் அவள், "மிருகத்தின் இரத்தத்தைக்கூட உண்ணாதவர்கள் பிள்ளைகளை எப்படித் தின்பார்கள்?" என்று கேட்டு, தான் கிறிஸ்தவள் என்று அறிக்கையிட்டு, இரத்தசாட்சிகளோடு சேர்ந்துகொண்டாள். முன்பு விழுந்த வேறு பலரும் அப்படியே எழுந்தார்கள். உறுதியாக நின்றவர்கள் அவர்களை ஒதுக்கவில்லை. எல்லோரையும் பாவக்கட்டிலிருந்து அவிழ்த்துவிட்டார்கள், ஒருவரையும் கட்டவில்லை என்கிறது கடிதம்.

ஆனால் லியோனில் பத்துப் பேர். உங்கள் கேள்வி முழு வடிவில் எழுந்து நின்றது 250-இல். முந்தைய ஆண்டு ஆட்சிக்கு வந்த டேசியஸ், பேரரசின் குடிகள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். எகிப்து மணலில் கிடந்த அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. முதலாவது 1893-இல் அச்சில் வந்தது. வகுப்பில் அதன் நகலை ஒவ்வொரு ஆண்டும் கைமாற்றிவிடுவேன். நம் தாலுகா அலுவலக மனு மாதிரியேதான் இருக்கும். மனுதாரர் அவுரேலியஸ் டியோஜெனிஸ், தந்தை பெயர், ஊர் பெயர், வயது 72, அங்க அடையாளம்: வலது புருவத்தில் தழும்பு. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் ஆணைப்படி உங்கள் முன்னிலையில் பலியிட்டேன், பானபலி ஊற்றினேன், படைத்ததை உண்டேன், சான்றளிக்க வேண்டுகிறேன். கீழே நேரில் கண்ட அதிகாரியின் ஒப்பம். தேதி, நம் கணக்கில் 250 ஜூன் 26. கிறிஸ்து என்ற பெயரே அதில் இல்லை. "என் விசுவாசத்தை விடுகிறேன்" என்று எழுதித் தரும்படி யாரும் கேட்கவில்லை. ஒரு துண்டு இறைச்சி, ஒரு வாய் மது, ஒரு ஒப்பம். அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சான்றிதழ்கள் கிறிஸ்தவர்கள் விழுந்ததற்கான சாட்சி என்று சில பிரசங்கிகள் காட்டுகிறார்கள். அப்படிச் சொல்ல இடமில்லை. டியோஜெனிஸ் கிறிஸ்தவரா என்பதற்கு அதில் ஒரு குறிப்பும் இல்லை. முதலைத் தெய்வத்தின் பூசாரிணி ஒருத்தியும் இதே சான்றிதழை வாங்கியிருக்கிறாள். எனவே டேசியஸின் குறி கிறிஸ்தவர்கள்தானா, அல்லது தடுமாறிக்கொண்டிருந்த பேரரசுக்குத் தெய்வங்களின் தயவைத் திரட்டப் போட்ட பொது ஆணையில் கிறிஸ்தவர்கள் மாட்டிக்கொண்டார்களா என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் வழக்கு உண்டு. நான் இரண்டாவது பக்கம் சாய்பவன். மாட்டிக்கொண்டவனுக்கு இந்த வித்தியாசத்தால் ஆறுதல் ஏதும் கிடைத்திருக்காது.

கிறிஸ்தவர்கள் விழுந்ததற்குச் சாட்சி அவர்களுடைய ஆயர்களே. அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியுஸ் தாம் கண்டதை எழுதுகிறார்: சிலர் வெளிறிப்போய் நடுங்கிக்கொண்டு பீடத்தண்டை வந்தார்கள், பலியிட வந்தவர்களா பலியாக வந்தவர்களா என்று தெரியவில்லை, கூட்டம் சிரித்தது. வேறு சிலர், தாங்கள் ஒருநாளும் கிறிஸ்தவர்களாக இருந்ததில்லை என்று அடித்துச் சொல்லிக்கொண்டு ஓடி வந்தார்கள். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் நிலைமை இன்னும் மோசம். அந்த ஊர் ஆயர் சிப்ரியான் சொல்லும் காட்சி இது: யாரும் பிடித்து இழுக்கும் முன்பே மக்கள் தாமாக மன்றத்துக்கு ஓடினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோது, இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்கள். உங்கள் அடைப்புக்குறி வாக்கியம் எனக்கு இந்த இடத்தைத்தான் நினைவூட்டியது. முதல் நாளே வரிசையில் நின்ற கூட்டம் பெரியது. நீங்கள் நினைப்பதுபோல் நீங்கள் தனியாள் அல்ல.

எல்லோரும் ஒரே மாதிரி விழவுமில்லை. பலியிட்டவர்கள் இருந்தார்கள், தூபம் மட்டும் காட்டியவர்கள் இருந்தார்கள், அதிகாரிக்குப் பணம் கொடுத்துப் பலியிடாமலே சான்றிதழ் வாங்கியவர்கள் இருந்தார்கள். கடைசி வகையினரின் வாதத்தைச் சிப்ரியான் பதிவு செய்திருக்கிறார்: "நான் கிறிஸ்தவன், பலியிடக்கூடாது என்று அதிகாரியிடம் சொல்லித்தான் பணம் கொடுத்தேன். அதைப் பாவம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை." போனா என்ற பெண்ணின் கதை வேறு. கணவனே அவளைப் பீடத்துக்கு இழுத்துப்போனான். கைகளைப் பிடித்துப் பலியிட வைத்தார்கள். அவள், "நான் செய்யவில்லை, நீங்கள்தான் செய்தீர்கள்" என்று கத்தினாள். அவளை நாடுகடத்தினார்கள். இப்படிப்பட்டவளையும் மன்றத்துக்கு ஓடியவனையும் ஒரே தராசில் நிறுத்த முடியுமா? அன்றைய ஆயர்களின் தலைவலியே இதுதான்.

வேதம் எளிதாக வழிகாட்டியிருக்குமே என்று தோன்றலாம். அது இரண்டு பக்கமும் பேசியது. மனுஷர் முன்பாக என்னை மறுதலிக்கிறவனை நானும் பிதாவின் முன்பாக மறுதலிப்பேன் என்று மத்தேயு 10-இல் இயேசுவே சொல்கிறார். அதே இயேசு, மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம், என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டுவிட்டு ஆடுகளை ஒப்படைக்கிறார். இன்று பலரைத் தூங்கவிடாமல் செய்யும் வசனம் எபிரெயர் 6-இல் இருக்கிறது. மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்புதலுக்கென்று மறுபடி புதுப்பிப்பது "கூடாதகாரியம்" என்கிறது அது. வேடிக்கை என்னவென்றால், சிப்ரியானின் எழுத்துகளில் எபிரெயர் நிருபம் மேற்கோளாக வருவதே இல்லை. மேற்கத்திய சபைகள் அன்று அதை ஏற்கத் தயங்கிக்கொண்டிருந்தன. அவர் பிடித்துக்கொண்டது வெளிப்படுத்தல் 2-ஐ: நீ எங்கிருந்து விழுந்தாய் என்று நினைத்து மனந்திரும்பு. விழுந்து முடிந்துபோனவனிடம் யாராவது இப்படிச் சொல்வார்களா என்பது அவருடைய வாதம்.

சிப்ரியானையே கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவரும் ஓடியவர். ஆணை வந்ததும் கார்த்தேஜை விட்டு மறைவிடம் போனார், அங்கிருந்து கடிதம் எழுதிச் சபையை நடத்தினார். ரோமாபுரியின் ஆயர் ஃபேபியன் 250 ஜனவரி 20 அன்றே உயிரை விட்டிருந்தார். அந்த ஊர் மூப்பர்கள் கார்த்தேஜுக்கு எழுதிய கடிதத்தில், ஆடுகளை விட்டு ஓடும் கூலியாளைப் பற்றி ஒரு குத்தல் இருந்தது. சிப்ரியான் அதைத் திருப்பி அனுப்பி, "இது உண்மையிலேயே நீங்கள் எழுதியதுதானா என்று சரிபாருங்கள்" என்று கேட்டார். இந்த நாசூக்கை நான் எப்போதும் ரசிப்பேன். ஆனால் அவருடைய அதிகாரத்துக்கு விழுந்த அடி நிஜமானது. ஊரில் இல்லாத ஆயரின் சொல்லைவிட, சிறையில் பசியும் தாகமுமாய்க் கிடந்து தாக்குப்பிடித்தவர்களின் சொல்லுக்கு மதிப்பு கூடியது. அவர்கள் விழுந்தவர்களுக்குச் சமாதானச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். "இன்னாரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஐக்கியத்தில் சேரட்டும்" என்று ஒரு சீட்டு. சேர்ந்தவர்கள் என்று இருபது முப்பது பேர் வந்து நிற்பார்கள். சலுகைச் சீட்டு எங்கே புழங்கினாலும் இப்படித்தான்.

அந்தச் சீட்டுகளைச் சிரித்துத் தள்ளிவிட எனக்கு மனம் வராததற்கு ஒரு கடிதம் காரணம். ரோமாபுரியில் சித்திரவதையைத் தாங்கி வெளியே வந்த செலரினஸ், கார்த்தேஜ் சிறையிலிருந்த நண்பர் லூசியனுக்கு எழுதுகிறார். தன் சகோதரிகள் விழுந்துவிட்டார்கள், ஈஸ்டர் மகிழ்ச்சி நாளிலும் தான் அழுதுகொண்டிருக்கிறேன், சீட்டுக் கொடுங்கள் என்று கெஞ்சுகிறார். அவர்களில் ஒருத்தி பலியிடாமலிருக்கப் பணம் கொடுத்தவள், பலியிடும் இடத்துக்குப் பாதி வழி ஏறிவிட்டு இறங்கி வந்தவள். கார்த்தேஜிலிருந்து துரத்தப்பட்டு வந்த அறுபத்தைந்து பேரைத் துறைமுகத்துக்கே போய் அழைத்து வந்து, இந்தப் பெண்கள்தான் பராமரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். சபையின் ஐக்கியத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள், சபைக்காக அடிபட்டவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். இரட்சிப்பு யாருக்கு உண்டு என்ற பட்டியலை இதை வைத்துக்கொண்டு எழுதச் சொன்னால், நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

251 ஈஸ்டருக்குப் பிறகு கார்த்தேஜில் ஆயர்கள் கூடினார்கள். எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு இல்லை என்பதே அவர்கள் எடுத்த முதல் முடிவு. பணம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பலியிட்டவர்கள் நீண்டகாலம் மனஸ்தாபத்தில், அதாவது ஐக்கியத்துக்கு வெளியே நின்று மனம் வருந்தும் நிலையில், இருக்க வேண்டும், மரணப்படுக்கையில் நற்கருணை, அதாவது கிறிஸ்துவின் நினைவாகச் சபை பகிரும் அப்பமும் திராட்சரசமும், கிடைக்கும். நோய் வரும்வரை ஒருநாளும் மனம் வருந்தாமல் இருந்துவிட்டு, சாகும்போது மட்டும் கேட்பவனுக்கு இல்லை. அவனைக் கேட்க வைப்பது மரணபயம்தான் என்று சிப்ரியான் கறாராக எழுதுகிறார். ஓரிரு ஆண்டில் பேரரசர் காலஸ் ஆட்சியில் மறுபடி உபத்திரவம் வரும்போலத் தோன்றியதும் நிலைமை மாறியது. மனஸ்தாபத்தில் இருந்த அனைவரையும் உடனே சேர்த்துக்கொள்ள நாற்பத்திரண்டு ஆயர்கள் முடிவெடுத்தார்கள். கிறிஸ்துவின் இரத்தத்தைப் பாத்திரத்தில் கொடுக்க மறுத்துவிட்டு, அவருக்காக உன் இரத்தத்தைச் சிந்து என்று எந்த முகத்தோடு சொல்வது என்று அவர்கள் கேட்டார்கள்.

சிப்ரியானை இளகிய மனதுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். தாம் கண்ணால் கண்டதாக அவர் சொல்லும் ஒரு சம்பவம் என் மாணவர்களை எப்போதும் சங்கடப்படுத்தும். பெற்றோர் தப்பியோடியபோது தாதியிடம் விட்டுப்போன கைக்குழந்தை அது. தாதி அதை அதிகாரிகளிடம் கொண்டுபோனாள். இறைச்சி தின்னும் வயதில்லை என்று, படையல் மதுவில் நனைத்த அப்பத்தை ஊட்டினார்கள். பிறகு நற்கருணையின்போது அந்தக் குழந்தை பாத்திரத்துக்கு வாயை இறுக மூடிக்கொண்டது. டீக்கன் என்னும் சபை ஊழியர் வற்புறுத்தி ஊற்றியதும் வாந்தி எடுத்தது. சிப்ரியானுக்கு இது தெய்வ எச்சரிக்கை. புளித்த திராட்சரசத்தைக் கைக்குழந்தையின் வாயில் ஊற்றினால் வேறென்ன நடக்கும் என்று ஒரு மாணவி கேட்டாள். என்னிடம் நல்ல பதில் இல்லை. அந்தக் காலத்தவர்கள் பலிப்படையலை எவ்வளவு பயங்கரமான நஞ்சாகக் கண்டார்கள் என்பதற்கு மட்டும் இதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கம் ரோமாபுரியின் நொவாத்தியான். வரலாற்றில் இவருக்கு ஈவிரக்கமற்றவர் என்ற பெயர் நிலைத்துவிட்டது, அதில் பாதிதான் நியாயம். ஃபேபியன் இறந்து ஆயர் நாற்காலி காலியாக இருந்தபோது, மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்கு இரக்கம் காட்டலாம் என்று கார்த்தேஜுக்கு எழுதிய கடிதத்தை வரைந்ததே இவர்தான். 251 மார்ச்சில் கொர்னேலியு ஆயரானதும் பிரிந்து, தனிச் சபை கண்டு, விழுந்தவர்களை ஒருபோதும் சேர்ப்பதில்லை என்ற நிலையை எடுத்தார். கொள்கையா, ஏமாற்றமா, எது முன்னால் வந்தது என்பதில் எதிரிகள் எழுதியதை நான் அப்படியே நம்புவதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சோக்ரதேஸ் சொல்வதன்படி நொவாத்தியான், விழுந்தவர்களை மனந்திரும்பச் சொல்லுங்கள், மன்னிப்பைக் கடவுளிடம் விட்டுவிடுங்கள், அது சபையின் கையில் இல்லை என்றுதான் சொன்னார். அதாவது மிகக் கடுமையான தரப்பும் கடவுளின் மன்னிப்புக்கு எல்லை கட்டவில்லை. சபைக்கு வெளியே இரட்சிப்பு இல்லை என்று பின்னாளில் எழுதிய சிப்ரியானோ, அதே காரணத்தால் விழுந்தவர்களை வெளியே விட்டுவிட அஞ்சினார். ஆனாலும் சபையின் தீர்ப்பே கடைசித் தீர்ப்பு என்று அவரும் சொல்லவில்லை. நாங்கள் கர்த்தருடைய தீர்ப்பை முந்திக்கொள்ளவில்லை, போலியாக மனந்திரும்பி எங்களை ஏமாற்றியவன் இருந்தால், ஊழியக்காரரின் தீர்ப்பை எஜமான் திருத்திக்கொள்வார் என்று அவர் எழுதியதன் சாரம். உங்கள் கேள்வியில் இறையியலாக என்னால் உறுதிப்படுத்தக்கூடிய எல்லை இதுதான். இதற்கு அப்பால் உங்கள் ஆயரிடம் பேசுங்கள், என்னைவிட அவர் உங்களை அறிவார்.

ஓடிய சிப்ரியான் பிறகு ஓடவில்லை. பேரரசர் வலேரியன் காலத்தில், 258 செப்டம்பர் 14 அன்று, அவரைக் கார்த்தேஜில் தலை வெட்டிக் கொன்றார்கள். தீர்ப்பைக் கேட்டு "தேவனுக்கு நன்றி" என்றார். வெட்டுகிறவனுக்கு இருபத்தைந்து பொற்காசு கொடுக்கச் சொன்னார். 250-இல் பிடிபட்டிருந்தால் நின்றிருப்பாரா? அவருக்கே தெரிந்திருக்காது. அதனால்தான் முதல் நாளே கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று நீங்கள் இவ்வளவு நிச்சயமாகச் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. பிப்லிஸும் முதல் நாள் கையெழுத்துப் போட்டவள்தான்.

பின்கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம், பேரரசர் லிசினியுஸ் காலத்தில் வற்புறுத்தல் ஏதுமின்றி விழுந்தவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டு மனஸ்தாபம் விதித்தது. சாகிற எவருக்கும் கடைசி நற்கருணையை மறுக்கக்கூடாது என்றும் சேர்த்தே விதித்தது. அங்கே வந்திருந்த நொவாத்திய ஆயர் அகேசியுஸிடம், "ஒரு ஏணியை வைத்து நீர் மட்டும் பரலோகத்துக்கு ஏறிக்கொள்ளும்" என்று பேரரசர் கான்ஸ்தந்தீன் சொன்னாராம். சோக்ரதேஸ் தரும் கதை. நன்றாக இருக்கிறது என்பதாலேயே எனக்கு இதில் அரை நம்பிக்கைதான்.

நான் அதிகம் நம்புவது, அலெக்சாந்திரியாவின் தியோனீசியுஸ் அந்தியோக்கியா ஆயர் ஃபேபியுஸுக்கு எழுதியதை. ஃபேபியுஸ் நொவாத்தியான் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் வாதம் செய்வதற்குப் பதிலாகத் தியோனீசியுஸ், தம் ஊர்க் கிழவர் ஒருவரைப் பற்றி எழுதினார். பெயர் செராப்பியோன். வாழ்நாள் முழுக்கக் குற்றமில்லாமல் இருந்து, சோதனையில் பலியிட்டுவிட்டவர். பலமுறை மன்றாடியும் யாரும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நோயில் விழுந்து மூன்று நாள் பேச்சுமூச்சின்றிக் கிடந்தார். நான்காம் நாள் சற்றே தெளிந்து, மகள் வயிற்றுப் பேரனைக் கூப்பிட்டு, "இன்னும் எவ்வளவு நேரம் என்னைப் பிடித்து வைத்திருப்பீர்கள்? ஓடிப்போய் மூப்பர் ஒருவரை அழைத்து வா" என்றார். மறுபடி பேச்சு நின்றது. பையன் ஓடினான். இரவு நேரம், மூப்பரும் நோயில் படுத்திருந்தார், வர முடியவில்லை. ஆனால் மரணத் தறுவாயில் கேட்பவர்களை, அதுவும் முன்பே மன்றாடியிருந்தால், சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தியோனீசியுஸ் சொல்லி வைத்திருந்தார். மூப்பர் நற்கருணை அப்பத்தில் ஒரு சிறு துண்டைக் கொடுத்து, நனைத்துக் கிழவரின் வாயில் சொட்டச் சொட்ட விடும்படி சொல்லி அனுப்பினார். பையன் வீட்டு வாசலை நெருங்கும்போதே செராப்பியோன் விழித்துக்கொண்டார். "வந்துவிட்டாயா, பிள்ளாய்? மூப்பரால் வர முடியவில்லை. அவர் சொன்னதைச் சீக்கிரம் செய், என்னைப் போகவிடு" என்றார். பையன் துண்டை நனைத்து வாயில் விட்டான். கிழவர் கொஞ்சம் விழுங்கினார், உடனே உயிர் பிரிந்தது. விடுதலை கிடைக்கும்வரை அவர் உயிரோடு காக்கப்பட்டிருந்தார் என்பது தெரியவில்லையா என்று ஃபேபியுஸைக் கேட்டுவிட்டுத் தியோனீசியுஸ் இந்தக் கதையை முடிக்கிறார்.